கேலக்ஸிகளைச் சூழ்ந்த வாயு உறைகள்

ஒவ்வொரு பெரிய கேலக்ஸியையும் மிக மெல்லிய வாயுவாலான உறை ஒன்று எல்லாப் பக்கமும் சூழ்ந்திருக்கிறது. பால்வெளியில் விண்மீன்கள் நிறைந்த தட்டின் விட்டம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. அதைச் சூழ்ந்த வாயுவோ பல லட்சம் ஒளியாண்டு தொலைவுக்குப் பரவிக் கிடக்கிறது. உறையின் வெளிப்பகுதியில் ஒரு லிட்டர் இடத்தில் ஒரு துகள் கிடைப்பதே அரிது. தரைமட்டத்தில் உள்ள காற்றை ஒரு லிட்டர் எடுத்தால், அதிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுத 23 இலக்கங்கள் தேவைப்படும். இவ்வளவு மெலிந்திருந்தும், பரவியுள்ள இடம் மிகப் பெரிது என்பதால் உறையிலுள்ள வாயுவின் மொத்த நிறை கேலக்ஸித் தட்டிலுள்ள வாயுவின் நிறையை மிஞ்சுகிறது.

விண்மீன்கள் வாயுவிலிருந்து பிறக்கின்றன. பால்வெளியில் ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு சூரிய நிறை அளவுக்கு வாயு விண்மீன்களாக மாறுகிறது. விண்மீன் பிறக்கும் குளிர்ந்த மூலக்கூறு மேகங்களில் இன்றிருக்கும் இருப்பு, இந்த வேகத்தில் செலவானால் 100 கோடி ஆண்டு அளவிலேயே தீர்ந்துவிடும். பால்வெளியோ 1000 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இடைவிடாமல் விண்மீன்களை உருவாக்கி வருகிறது. எனவே வெளியிலிருந்து அதற்குப் புதிய வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும். சூரியனின் சுற்றுப்புறத்தில் உள்ள விண்மீன்களும் இதற்குச் சான்று. மூடிய அமைப்பாகப் பால்வெளி இருந்திருந்தால், ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும்விடக் கனமான கன தனிமங்கள் குறைந்த பழைய சிறு விண்மீன்கள் இங்கு மிகுதியாக இருந்திருக்கும். உண்மையில் அவை மிகக் குறைவு. தொடர்ந்து வந்து கலந்த தூய வாயுவைக் கணக்கில் கொண்டால்தான் இந்தக் குறைவு விளங்குகிறது.

கேலக்ஸி வளர்வதும் தளர்வதும் ஓய்வதும் உறையிலிருந்து உள்ளே வரும் வாயுவையும், உள்ளிருந்து உறைக்குத் திரும்பும் வாயுவையும் பொறுத்தவை. வரத்து வாய்க்கால் அடைபட்ட ஏரி சில காலம் தண்ணீரோடு நிற்கும், பிறகு வற்றிவிடும். கேலக்ஸிக்கும் அதே நிலைதான்.

உறை கண்டறியப்பட்ட விதம்

கேலக்ஸிக்கு வாயு உறை இருக்கலாம் என்ற கருத்தை 1956-இல் முன்வைத்தவர் அமெரிக்க வானியலாளர் லைமன் ஸ்பிட்சர். பால்வெளித் தட்டுக்கு வெகு மேலே குளிர்ந்த வாயு மேகங்கள் கலையாமல் மிதப்பதைக் கீடோ மியூன்ச் கண்டிருந்தார். வெற்றிடத்தில் இருந்தால் அந்த மேகங்கள் விரிந்து சிதறியிருக்கும். அவற்றைச் சுற்றி நின்று அழுத்தும் வெப்ப வாயு ஒன்று இருக்க வேண்டும் என்றும், அதன் வெப்பநிலை 10 லட்சம் டிகிரி அளவில் இருக்கும் என்றும் ஸ்பிட்சர் கணித்தார்.

அந்த வாயு தானாக வெளியிடும் ஒளி மிக மங்கல் என்பதால், அதை நேரடியாகப் பார்க்க அன்றைய கருவிகளால் இயலவில்லை. வழி வேறு திசையிலிருந்து வந்தது. 1963-இல் 3சி 273 என்ற குவேசாரின் தொலைவை மார்ட்டன் ஷ்மிட் கண்டறிந்தார். குவேசார் என்பது தொலைதூரக் கேலக்ஸியின் மையத்தில், பெருங்கருந்துளையில் விழும் பொருள் கடுமையாகச் சூடேறி வீசும் பேரொளி. அந்த ஒளி புவிக்கு வரும் வழியில் பல கேலக்ஸிகளின் உறைகளைக் கடக்க நேர்கிறது. ஒவ்வோர் உறையிலும் உள்ள அணுக்கள் தத்தமக்குரிய அலைநீளங்களை மட்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. குவேசாரின் நிறமாலையில் அந்த இடங்கள் கருங்கோடுகளாகத் தெரிகின்றன. இக்கோடுகளில் பல, கேலக்ஸிகளின் அகன்ற உறைகளால் உண்டாகின்றன என்று ஜான் பாகாலும் ஸ்பிட்சரும் 1969-இல் எழுதினர். 1986-இல் பிரெஞ்சு வானியலாளர் ஜாக்குலின் பெர்ஜெரோன், மெக்னீசியக் கோடு ஒன்றுக்குக் காரணமான கேலக்ஸியையே அடையாளம் கண்டு அதை உறுதிப்படுத்தினார்.

எந்த அணு எந்த நிலையில் ஒளியை உறிஞ்சியது என்பதிலிருந்து வாயுவின் வெப்பநிலை தெரிகிறது. ஓர் எலெக்ட்ரானை இழந்த மெக்னீசியம், சுமார் 10,000 டிகிரியில் உள்ள குளிர்ந்த வாயுவைக் காட்டுகிறது. ஐந்து எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் பொதுவாக 3 லட்சம் டிகிரி அளவிலான வாயுவையும், ஆறு அல்லது ஏழு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் பல லட்சம் டிகிரி வாயுவையும் காட்டும். கடைசி வகையைக் காண எக்ஸ்-கதிர் தொலைநோக்கிகள் தேவை. ஒரே உறைக்குள் இவை அனைத்தும் கலந்தே இருக்கின்றன: வெப்ப வாயு பரந்து நிற்க, அதனிடையே குளிர்ந்த மேகங்கள் திட்டுத் திட்டாக மிதக்கின்றன.

2009-இல் ஹப்பிள் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட புறஊதா நிறமாலைமானி இந்த ஆய்வை வேகப்படுத்தியது. ஜேசன் டம்லின்சன் தலைமையிலான குழு 40-க்கும் மேற்பட்ட கேலக்ஸிகளின் உறைகளை ஆராய்ந்தது. விண்மீன் உருவாகும் கேலக்ஸிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மின்னேற்றம் மிக்க ஆக்சிஜன் உறை முழுவதும் பரவியிருந்தது. விண்மீன் பிறப்பு நின்றுபோன கேலக்ஸிகளில் அது பெரும்பாலும் காணப்படவில்லை. கேலக்ஸியின் நடுவில் நடப்பதற்கும் லட்சக்கணக்கான ஒளியாண்டு தள்ளியிருக்கும் வாயுவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது 2011-இல் வெளியான இம்முடிவால் தெளிவாயிற்று.

பொதுவாக ஒரு கேலக்ஸியின் உறையை ஊடுருவி வரும் குவேசார் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். அண்டையிலுள்ள ஆண்ட்ரோமீடா இதற்கு விதிவிலக்கு. அதன் உறை வானில் மிகப் பெரிய பரப்பை அடைத்துக்கொண்டிருப்பதால் பல குவேசார்கள் அதன் பின்னே அமைகின்றன. நிக்கோலஸ் லேனர் தலைமையிலான குழு 43 குவேசார்களைக் கொண்டு அந்த உறையை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டது. ஆண்ட்ரோமீடாவின் உறை 13 லட்சம் ஒளியாண்டு வரையும், சில திசைகளில் 20 லட்சம் ஒளியாண்டு வரையும் நீள்கிறது. ஆண்ட்ரோமீடா இருப்பதே 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில்தான். ஆகவே அதன் உறையும் பால்வெளியின் உறையும் இப்போதே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

தொலைவும் காலமும்

வானியலில் தொலைவு என்பது காலமும்கூட. 1000 கோடி ஆண்டு பயணம் செய்து வந்த ஒளி, அந்தக் கேலக்ஸி 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலையைக் காட்டுகிறது. பேரண்டம் விரிவதால் வழியில் அந்த ஒளியின் அலைநீளமும் நீள்கிறது, இதுவே செம்பெயர்ச்சி. ஹைட்ரஜனின் முதன்மைக் கோடான லைமன்-ஆல்ஃபாவின் அலைநீளம் 121.6 நானோமீட்டர். புறஊதாவில் உள்ள இக்கோட்டைப் புவியின் காற்றுமண்டலம் தடுத்துவிடும். ஆனால் செம்பெயர்ச்சி 3 உள்ள கேலக்ஸியிலிருந்து வரும்போது அது நான்கு மடங்காக நீண்டு 486 நானோமீட்டர் ஆகிறது. அது நீலப்பச்சை ஒளி, தரையிலிருந்தே பார்க்கலாம். இதனால், அருகிலுள்ள கேலக்ஸியின் ஹைட்ரஜன் உறையைக் காண விண்வெளித் தொலைநோக்கி தேவைப்படும்போது, 1100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உறையைச் சிலியிலோ ஹவாயிலோ உள்ள மலையுச்சியிலிருந்து காண முடிகிறது. தனியொரு கேலக்ஸியின் வாழ்நாளை யாரும் இருந்து பார்க்க முடியாது. வெவ்வேறு தொலைவில் உள்ள ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளை வயது வரிசையில் அடுக்கிப் பார்த்தால் அந்த வாழ்நாளின் போக்கு விளங்கும்.

முதல் நூறு கோடி ஆண்டுகள்

பெருவெடிப்பு நிகழ்ந்தது 1380 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்குப் பின் சுமார் 3.8 லட்சம் ஆண்டில் எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து ஹைட்ரஜன் அணுக்கள் உருவாயின. அப்போது வெளியை நிறைத்திருந்தது ஏறக்குறைய ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டுமே. கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் தன் ஈர்ப்பால் ஆங்காங்கே திரண்டது. இத்திரள்கள் இழைகளாக நீண்டு, இழைகள் சந்திக்கும் இடங்களில் முடிச்சுகளாகக் கெட்டிப்பட்டன. வாயு இந்த இழைகளைப் பின்பற்றி முடிச்சுகளுக்குள் விழுந்தது. விழுந்த வாயு வெப்பத்தைக் கதிர்வீசி இழந்து குளிர்ந்தால் மையத்தில் குவிந்து விண்மீன்களாகும். குளிராவிட்டால் வெப்ப உறையாக மிதந்தபடி நிற்கும். கேலக்ஸி உருவாக்கத்தின் இந்த அடிப்படை விளக்கத்தைச் சைமன் ஒயிட்டும் மார்ட்டின் ரீஸும் 1978-இல் அளித்தனர்.

தொடக்கக் காலத்துக் கரும்பொருள் முடிச்சுகள் சிறியவை. அவற்றில் விழுந்த வாயு அதிகம் சூடேறாமல் விரைவாக மையத்தை அடைந்து விண்மீன்களானது. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகள்கூட நிறைவதற்குள் ஒளிர்ந்த கேலக்ஸிகளைக் காட்டியிருக்கிறது. அவற்றுள் ஒன்றான ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸியில், சிலியின் அல்மா ரேடியோ தொலைநோக்கித் தொகுதி ஆக்சிஜனைக் கண்டது. ஆக்சிஜன் விண்மீன்களின் உள்ளே சமைக்கப்படுவது. ஆகவே அதற்கு முன்பே அங்கே ஒரு தலைமுறைப் பெருவிண்மீன்கள் பிறந்து, வெடித்து முடிந்திருக்க வேண்டும்.

முதல் கேலக்ஸிகள் வீசிய புறஊதா ஒளி தம்மைச் சூழ்ந்த ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுத்தது. ஒவ்வொரு கேலக்ஸியைச் சுற்றியும் மின்னேற்றம் பெற்ற குமிழி வளர்ந்தது. குமிழிகள் ஒன்றோடொன்று இணைந்தன. பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 100 கோடி ஆண்டில், கேலக்ஸிகளுக்கு இடைப்பட்ட வெளி முழுவதும் மின்னேற்றம் அடைந்துவிட்டது. அதன் பின் விழுந்த வாயு முன்பைவிட வெம்மையாக இருந்ததால், மிகச் சிறிய கேலக்ஸிகளின் வலுவற்ற ஈர்ப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று.

உச்சக் காலம்

விண்மீன் பிறப்பு உச்சத்தை எட்டியது சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன். அன்று பேரண்டத்தில் ஒரு குறிப்பிட்ட கனஅளவில் விண்மீன்கள் உருவான வேகம் இன்றுள்ளதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. அவ்வளவு வாயு எவ்வழியே வந்தது என்பதற்கு அவிஷாய் டெக்கலும் யுவல் பிர்ன்போயிமும் அளித்த விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. கரும்பொருள் திரளின் நிறை சூரியனைப் போல் சுமார் 1 லட்சம் கோடி மடங்குக்குக் கீழே இருக்கும்வரை, விழும் வாயு அதிர்ச்சி அலையில் சிக்கிச் சூடேறாமல் குளிர்ந்த நிலையிலேயே மையத்தை அடையும். அந்த எல்லையைத் தாண்டினால் நிலையான வெப்ப உறை உருவாகிறது; பின்னர் விழும் வாயு அதில் மோதிச் சூடாகி மிதக்கத் தொடங்கும். ஆனால் அன்றைய நாளில் இழைகள் மிக அடர்த்தியாக இருந்தன. அதனால் பெரிய கேலக்ஸிகளிலும்கூட, குளிர்ந்த வாயு ஓடைகள் வெப்ப உறையை ஊடுருவி உள்ளே இறங்கின.

அக்காலத்து உறைகள் இப்போது நேரடியாகவே படமெடுக்கப்படுகின்றன. 2014-இல் ஹவாயின் கெக் தொலைநோக்கியால் ஆராயப்பட்ட ஒரு குவேசாரைச் சுற்றி, சுமார் 15 லட்சம் ஒளியாண்டு நீளமுள்ள ஹைட்ரஜன் இழை ஒளிர்ந்தது. குவேசாரின் கடும் ஒளி விளக்குபோல் பாய்ந்து அந்த இழையைத் தெரிய வைத்திருந்தது. அதே ஆண்டு சிலியின் பாரனால் மலையிலுள்ள பெருந்தொலைநோக்கியில் மியூஸ் என்ற கருவி இயங்கத் தொடங்கியது. ஒரே நேரத்தில் வானின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமாலை எடுக்கும் கருவி அது. பெருவெடிப்புக்குப் பின் 100 முதல் 200 கோடி ஆண்டு காலத்தைச் சேர்ந்த சாதாரணக் கேலக்ஸிகளைச் சுற்றிலும் லைமன்-ஆல்ஃபா ஒளி பரவியிருப்பதை அது காட்டியது. அந்த ஒளிரும் உறைகள், அவற்றின் நடுவிலுள்ள விண்மீன் பகுதியைப் போல் சுமார் பத்து மடங்கு பெரியவை.

வெளியேறும் காற்று

வாயு உள்ளே வருவது கதையின் ஒரு பாதி, மறுபாதி வெளியேறுவது. பெருவிண்மீன்கள் சில பத்து லட்சம் முதல் சில கோடி ஆண்டுகளில் சூப்பர்நோவாக்களாக வெடிக்கின்றன. ஓரிடத்தில் பல வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழும்போது அவற்றின் ஆற்றல் ஒன்றுசேர்ந்து, தட்டைத் துளைத்துக்கொண்டு வாயுவை மேலும் கீழும் வீசி எறிகிறது. சப்தரிஷி மண்டலத் திசையில் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள எம்82 கேலக்ஸியில், இந்தக் காற்று செந்நிற இழைகளாகத் தட்டின் இருபுறமும் பீறிடுவதைப் படங்களில் காணலாம். உச்சக் காலத்தில் இத்தகைய காற்று அபூர்வம் அல்ல. விண்மீன் பிறப்பு மிகுந்த கேலக்ஸிகளில் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது வீசுவது வழக்கமாகவே காணப்படுகிறது.

இந்தக் காற்று விண்மீன்களில் சமைந்த கார்பன், ஆக்சிஜன், இரும்பு முதலிய தனிமங்களை உறைக்குக் கொண்டுசேர்க்கிறது. பால்வெளி போன்ற கேலக்ஸிகள் தம் வாழ்நாளில் உண்டாக்கிய கன தனிமங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் இன்று அவற்றின் விண்மீன்களிலும் தட்டு வாயுவிலும் எஞ்சியிருக்கிறது. மீதியில் பெரும்பங்கு உறைக்கும் அதற்கு அப்பாலும் சென்றுவிட்டது. சென்றவற்றில் கொஞ்சம் குளிர்ந்து மீண்டும் தட்டில் விழுகிறது; அதிலிருந்து அடுத்த தலைமுறை விண்மீன்கள் பிறக்கின்றன. கன தனிமங்கள் மிகுந்த வாயு எளிதில் வெப்பத்தை இழக்கும் என்பதால், ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றுக்கு உதவுகிறது. ஒரு கேலக்ஸி வீசிய வாயு மற்றொரு கேலக்ஸியில் போய்ச் சேர்வதும் உண்டு. 2017-இல் வெளியான கணினி உருவகம் ஒன்றில், பால்வெளி அளவுள்ள கேலக்ஸிகளின் பொருளில் பாதி வரை அவ்வாறு பிற கேலக்ஸிகளிலிருந்து வந்ததாகக் கணக்கிடப்பட்டது.

வரத்து குறையும் காலம்

உச்சத்துக்குப் பின் விண்மீன் பிறப்பு சரியத் தொடங்கியது. இதன் காரணத்தை அறிய, அக்காலக் கேலக்ஸிகளில் இருந்த அணு ஹைட்ரஜனை அளக்க வேண்டியிருந்தது. ஹைட்ரஜன் 21 செ.மீ. அலைநீளத்தில் வெளியிடும் ரேடியோ அலை மிக மெல்லியது. அவ்வளவு தொலைவில் தனியொரு கேலக்ஸியில் அதை அளப்பது கடினம். புணேவுக்கு வடக்கே 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களுடன் இயங்கும் மாமீட்டரலை ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு இந்திய ஆய்வாளர்கள் இதற்கு வழி கண்டனர். சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட 7,653 கேலக்ஸிகளின் சமிக்ஞைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டி, சராசரி ஹைட்ரஜன் நிறையை அளந்து 2020-இல் வெளியிட்டனர். அக்கேலக்ஸிகளில் வாயு ஏராளமாக இருந்தது. ஆனால் விண்மீன்கள் பிறந்த வேகத்தில் அது 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கு மட்டுமே போதும். செலவை ஈடுகட்டும் அளவுக்குப் புதிய வாயு வந்து சேராததே பின்னர் ஏற்பட்ட சரிவுக்குக் காரணம் என்ற முடிவுக்கு இந்த அளவீடு வலுவூட்டியது.

வரத்து குறையப் பல காரணங்கள் சேர்ந்தன. பேரண்டம் விரிய விரிய இழைகளில் வாயு மெலிந்தது. கேலக்ஸிகளின் கரும்பொருள் திரள்கள் நிறை எல்லையைத் தாண்டியதால் வெப்ப உறைகள் நிலைபெற்றன. குளிர்ந்த ஓடைகள் அவற்றை ஊடுருவ முடியவில்லை. ஆனால் வெப்ப உறையும் காலப்போக்கில் கதிர்வீசிக் குளிர வேண்டியதுதானே? அதைக் குளிரவிடாமல் தடுப்பது கேலக்ஸி மையத்திலுள்ள பெருங்கருந்துளை. அதில் விழும் பொருளின் ஒரு பகுதி தாரைகளாக வெளியே பீய்ச்சப்பட்டு, உறையைத் துளைத்துச் சூடேற்றுகிறது. 24 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தில் இதை நேரடியாகப் பார்க்க முடிகிறது. மையக் கேலக்ஸியைச் சுற்றியுள்ள பல கோடி டிகிரி வாயுவில் கருந்துளைத் தாரைகள் பெருங்குமிழிகளை ஊதியிருப்பதையும், அவற்றிலிருந்து அழுத்த அலைகள் வளையங்களாகப் பரவுவதையும் சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் படங்கள் காட்டுகின்றன.

கருந்துளை சில சமயம் கேலக்ஸியின் குளிர்ந்த வாயுவையே வெளியேற்றிவிடுகிறது. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 200 கோடி ஆண்டு காலத்தைச் சேர்ந்த ஜிஎஸ்-10578 என்ற பெருங்கேலக்ஸியை ஜேம்ஸ் வெப் ஆராய்ந்தபோது, அதில் விண்மீன் பிறப்பு ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. பின்னணி விண்மீன்களின் ஒளியைத் தடுத்ததால் மட்டுமே தெரிந்த குளிர்ந்த வாயு, நொடிக்குச் சுமார் 1,000 கி.மீ. வேகத்தில் வெளியேறிக்கொண்டிருந்தது.

கேலக்ஸிக் கொத்துகளில் மற்றொரு வகைப் பறிப்பும் நடக்கிறது. கொத்தின் வெப்ப வாயுவுக்குள் ஒரு கேலக்ஸி வேகமாகப் பாயும்போது, எதிர்ப்படும் வாயுவின் அழுத்தம் முதலில் அதன் உறையையும், பின்னர் தட்டிலுள்ள வாயுவையும் உரித்துவிடுகிறது. ஜேம்ஸ் கன்னும் ரிச்சர்ட் காட்டும் 1972-இல் விளக்கிய நிகழ்வு இது. நார்மா கொத்தைச் சேர்ந்த ஈஎஸ்ஓ 137-001 என்ற கேலக்ஸிக்குப் பின்னால், இவ்வாறு உரிந்த வாயு 2.6 லட்சம் ஒளியாண்டு நீள எக்ஸ்-கதிர் வாலாகத் தொங்குகிறது.

திடீரென வாயு பறிபோவது, வரத்து நின்று மெல்ல வற்றுவது என்ற இரண்டில் எது மிகுதி என்பதை விண்மீன்களின் வேதியியலே சொல்கிறது. வாயு திடீரெனப் பறிபோனால் விண்மீன்களின் கன தனிம அளவு அன்றிருந்தபடியே நின்றுவிடும். வரத்து மட்டும் நின்றால், எஞ்சிய வாயு தூய வாயுவால் நீர்க்காமல் விண்மீன்களாகித் தீரும்வரை அந்த அளவு ஏறிக்கொண்டே போகும். அருகிலுள்ள சுமார் 26,000 கேலக்ஸிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான முடிவின்படி, ஓய்ந்த கேலக்ஸிகளின் விண்மீன்களில் கன தனிமங்கள் தெளிவாக அதிகம். பெரும்பாலானவை வரத்து நின்றபின் ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகளில் மெல்ல ஓய்ந்தவை. அவற்றைச் சுற்றிக் குளிர்ந்த ஹைட்ரஜன் அற்றுப்போய்விடவில்லை என்பதும் ஹப்பிள் கண்ட உண்மை. உறையில் வாயு இருப்பது மட்டும் போதாது. அது தட்டுக்கு இறங்கி வர வேண்டும்.

இன்றைய பால்வெளி

பால்வெளியின் உறை இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறது. தட்டின் சுழற்சியோடு பொருந்தாத வேகத்தில் நகரும் ஹைட்ரஜன் மேகங்களை நெதர்லாந்து வானியலாளர்கள் 1963-இல் கண்டனர். அதே ஆண்டு கண்டறியப்பட்ட ஸ்மித் மேகம் நொடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் நகர்ந்து வருகிறது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளில் அது தட்டில் மோதும். அம்மேகத்திலுள்ள கந்தகத்தின் அளவு சூரியனில் உள்ளதில் பாதி என்பதை ஹப்பிள் கண்டறிந்தது. வெளியிலிருந்து முதன்முறையாக வரும் தூய வாயுவில் இவ்வளவு கந்தகம் இருக்காது. எனவே அது பால்வெளித் தட்டிலிருந்தே முன்பு வெளியேறி, இப்போது திரும்பி வரும் வாயு. மெகல்லன் மேகங்கள் என்ற இரு துணைக் கேலக்ஸிகளிலிருந்து உருவப்பட்ட வாயு, மெகல்லன் ஓடை என்ற பெயரில் தென்வானில் நீண்ட பட்டையாகக் கிடக்கிறது. அதுவும் காலப்போக்கில் பால்வெளியின் வாயு இருப்பில் சேரக்கூடியது.

வெளியேறியதன் தடங்களும் உண்டு. பால்வெளி மையத்துக்கு மேலும் கீழுமாக, தலா 25,000 ஒளியாண்டு உயரமுள்ள இரு காமா கதிர்க் குமிழிகள் 2010-இல் ஃபெர்மி விண்கலத்தின் தரவுகளில் கண்டறியப்பட்டன. அவற்றையும் உள்ளடக்கிய இன்னும் பெரிய எக்ஸ்-கதிர்க் குமிழிகளை இரோசிட்டா தொலைநோக்கி 2020-இல் காட்டியது. மையக் கருந்துளையோ, மையத்தை ஒட்டி நிகழ்ந்த விண்மீன் பிறப்புப் பெருக்கோ கடந்த சில கோடி ஆண்டுகளுக்குள் உறைக்குள் பேராற்றலைச் செலுத்தியிருக்கிறது என்பதற்கு இவை சான்று.

பால்வெளியின் கரும்பொருள் திரள், வெப்ப உறை நிலைபெறும் நிறை எல்லையிலேயே இருக்கிறது. அதனால்தான் வெப்ப உறை, குளிர்ந்த மேகங்கள், திரும்பி விழும் வாயு, வெளியே வீசும் காற்று ஆகிய அனைத்தையும் இங்கே ஒருசேரக் காண முடிகிறது. விண்மீன் பிறப்பு உச்சத்திலிருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் நிற்கவில்லை. அது இனி எவ்வளவு காலம் தொடரும் என்பது, உறையில் உள்ள வாயுவில் எவ்வளவு குளிர்ந்து தட்டுக்கு இறங்கும் என்பதையும், மையக் கருந்துளை அதை எவ்வளவு தடுக்கும் என்பதையும் பொறுத்தது.